பெட்டி மாமா

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் பெட்டி மாமாவை அவர் வீட்டில் பார்க்க முடியாது. அமெரிக்கா போகிறவர்கள் முதலில், ஜெர்மனி போகிறவர்கள் செப்டம்பர் கடைசியில் என்று சீசன் தொடங்கிவிடும். யாராவது ஒருவர் வீட்டு ஹாலில், வாய் பிளந்து கிடக்கும் பெட்டிகளுக்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். சட்டைப் பையிலிருந்து ஒரு லக்கேஜ் தராசின் கொக்கி எட்டிப் பார்க்கும். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது பாங்க்குக்கும் கேஸ் ஏஜென்சிக்கும் மட்டும் தேவைப்படுகிறது.

நங்கநல்லூர் மாதிரி ஏர்போர்ட்டை ஒட்டிய பேட்டைகளில் இவர் தெருவுக்கு ஒருவர் இருப்பார். மற்ற ஊர்களில் சொந்தத்தில் ஒருவர் கட்டாயம் உண்டு. தகுதி ஒன்றே ஒன்றுதான்: சொந்தப் பிள்ளை எப்போதோ மாக்டெபர்கிலோ கெம்னிட்ஸிலோ எம்.எஸ். படித்திருக்க வேண்டும். மாமா விமானம் ஏறியதில்லை. மீனம்பாக்கம் புறப்பாட்டு வாசலில் துப்பாக்கியோடு நிற்கிற காவலர் வரைக்கும்தான் அவருக்கு வெளிநாடு. ஆனால் அந்தக் காவலருக்கு அப்பால் என்ன நடக்கிறது என்பதை அவர் சொல்லிக் கேட்க வேண்டும். பிராங்க்ஃபர்ட்டில் இறங்கி எந்தப் பக்கம் திரும்பினால் ரயில் நிலையம் என்று கையைக் காட்டியே சொல்வார். காட்டுகிற திசையில் பழவந்தாங்கல் இருக்கும்.

பெட்டி கட்டுவதில் மாமாவுக்கு ஒரே கொள்கை: காலியாக எந்தப் பாத்திரமும் பறக்கக் கூடாது. குக்கருக்குள் அரிசி, அரிசிக்குள் சாம்பார்ப்பொடிப் பொட்டலம். ஷூவுக்குள் சாக்ஸ், சாக்ஸுக்குள் கரண்டி. 23 கிலோ அனுமதி என்றால் 22.8-ல் நிறுத்துவார். மீதி 200 கிராம் தராசு சொல்லும் பொய்க்காக. பவர் பேங்க்கைப் பெரிய பெட்டியில் யாராவது போட்டிருந்தால் தேளை எடுப்பது போல எடுத்து, "இது கையோடதான் போகணும்" என்று தனியே வைப்பார். அது நிஜமான விதிதான். மாமாவின் விதிகளில் முக்கால்வாசி நிஜம். அதுதான் அவரோடு சண்டை போட முடியாமல் செய்கிறது.

மிக்ஸி விஷயத்திலும் அப்படியே. "அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நம்ம மிக்ஸி ஜம்முனு ஓடும். மூணு முள் பிளக்தான் அந்த ஊர்ச் சுவத்துல நுழையாது, அடாப்டர் போதும்." பொறியியல் படித்த பையனின் அப்பா, தானும் பொறியாளர், பயபக்தியோடு குறித்துக்கொள்வார். ராத்திரி பத்து மணிக்கு மேலும், ஞாயிற்றுக்கிழமை முழுக்கவும் அந்த ஊரில் சத்தமே போடக் கூடாது என்பதால், பகலெல்லாம் வகுப்பில் இருக்கிற பையன் அந்த மிக்ஸியை எப்போது ஓட்டுவான் என்பது மட்டும் மாமாவின் பாடத்திட்டத்தில் இல்லை.

இத்தனையும் எதற்கு? ஜெர்மனிக்கு மாணவர் விசா வேண்டுமானால் முதல் வருஷச் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். பெரும்பாலோர் 'பிளாக்டு அக்கவுண்ட்' தொடங்குவார்கள். 2024 செப்டம்பரிலிருந்து அந்தத் தொகை 11,904 யூரோ. போய்ச் சேர்ந்த பிறகு அதிலிருந்து மாசம் 992 யூரோதான் கைக்கு வரும். இதைக் கேட்ட நாளிலிருந்து மாமாவுக்கு ஒரு வைராக்கியம். "அந்த 992-ல நம்ம பையன் சாப்பாட்டுக்குனு ஒரு யூரோ செலவு பண்ணக் கூடாது." அதனால் பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், வத்தக்குழம்பு, அப்பளம், ரெடிமேட் உப்புமா. ஒரு செமஸ்டரையே பொட்டலமாகக் கட்டிவிடுவார்.

கிளம்புவதற்கு முந்தின ராத்திரி பாட்டிக்கும் மாமாவுக்கும் நடக்கிற யுத்தத்தைப் பார்க்க வேண்டும். மாமா பெட்டியை மூடிவிட்டுக் கைகழுவப் போவார். திரும்பி வந்து தூக்கிப் பார்த்தால் எடை கூடியிருக்கும். துணிகளுக்கு நடுவே கையை விட்டு ஒரு நெய் பாட்டிலை வெளியே எடுப்பார்.

"பாட்டி, பால் சம்பந்தப்பட்ட எதையும் ஐரோப்பாவுக்குள்ள விட மாட்டான்."

"இது எங்கேடா பால்? வெண்ணெயா எடுத்து, முருங்கை இலை போட்டுக் காய்ச்சின நெய்."

"பால்லேர்ந்துதானே வந்தது?"

"நீயும்தான் பால் குடிச்சு வளர்ந்தே. உன்னை விட மாட்டானா?"

மாமாவிடம் இதற்குப் பதில் கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருகிறவர் பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவரக் கூடாது என்பது சட்டம். நெய்யும் பால்கோவாவும் அதில் அடிபட்டுப் போகின்றன. பச்சைக் கறிவேப்பிலைக்குக்கூட அரசாங்கச் சான்றிதழ் கேட்பார்கள். ஆனால் மீனுக்குத் தாராளம், ஆளுக்கு 20 கிலோ வரை போகலாம். சுத்த சைவரான மாமா இந்தத் தகவலை எங்கேயோ படித்து வைத்துக்கொண்டு, கருவாடு சாப்பிடுகிற வீடுகளில் மட்டும், மாமி காதில் விழாத குரலில் சொல்வார். "சுத்தம் பண்ணிக் காயவெச்சதுதானே, தாராளமா வைங்கோ. ஆனா மூணு கவர் போடுங்கோ. பக்கத்துல இருக்கிற ரசப்பொடிக்கு வாசனை ஒட்டிண்டா அந்தப் பொடி வீண்."

அடுத்தது ஃபைல். பிளஸ் டூ மார்க் ஷீட்டிலிருந்து தடுப்பூசி அட்டை வரை ஐந்து ஐந்து நகல், பாஸ்போர்ட் போட்டோ நாற்பது. அந்த ஊரில் குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் விலாசத்தைப் பதிய வேண்டும். 'அன்மெல்டுங்' என்பார்கள். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் ஒன்று வேண்டும். இந்தத் தாளை மட்டும் நங்கநல்லூரில் ஜெராக்ஸ் எடுக்க முடியவில்லையே என்ற குறை மாமாவுக்கு இன்றைக்கும் உண்டு.

இவ்வளவும் நடக்கும்போது நாயகன் எங்கே? சோபாவில், மொபைலோடு. "பனியன் எத்தனை வைக்கட்டும்?" என்று கேட்டால் "எட்டு" என்பான். அது பனியனுக்கா வேறு எதற்காவதா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. அவன் பெட்டியைத் தொடக் கூடாது. தொட்டால் கணக்கு கலைந்துவிடும்.

மாமி மட்டும் ஒவ்வொரு சீசனிலும் ஒரு யோசனை சொல்வாள். "அந்தப் பிள்ளையை ஒரு வாரம் நம்மாத்துக்கு அனுப்பச் சொல்லுங்கோ. சாதம் வைக்க, பாத்ரூம் கழுவக் கத்துக்கட்டும்." மாமா பதறுவார். "கிளம்பற சமயத்துல கையைச் சுட்டுண்டா என்ன பண்றது? ரெஸ்ட் எடுக்கட்டும்." மாமி சொல்வதில் விஷயம் இருக்கிறது. நாலு பேர் சேர்ந்து இருக்கிற மாணவர் வீட்டில், இந்த வாரம் கழிப்பறை யாருடைய முறை என்று சுவரில் அட்டவணை தொங்கும். பெயருக்கு நேரே அவரவர்தான் குனிய வேண்டும். குளிருக்கு மாமா மூன்று ஜோடி தெர்மல் வைத்து அனுப்பியிருப்பார். அங்கே வீட்டுக்காரர் நட்டநடு ஜனவரியிலும் தினம் இரண்டு மூன்று தடவை ஜன்னலை விரியத் திறந்துவைக்கச் சொல்வார். திறக்காவிட்டால் சுவரில் பூஞ்சணம் பிடிக்குமாம். குடித்த தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் போடக் கூடாது. கடையில் இருக்கிற மெஷினில் திரும்பப் போட்டால் 25 சென்ட் கிடைக்கும். தாளித்தால் புகையறிவிப்பான் அலறலாம். இதில் எதற்கும் எடை கிடையாது. எடை இல்லாத சமாசாரம் எதுவும் மாமாவின் தராசில் ஏறுவதில்லை.

போன வருஷம் எங்கள் தெருப் பையன் ஒருவன் சனிக்கிழமை சாயங்காலம் போய் இறங்கினான். மறுநாள் நமக்கு மூன்றரை மணி, காபி நேரம். மாமாவின் போன் அடித்தது. நாலு வீட்டார் கூடியிருந்ததால் மாமா ஸ்பீக்கரில் போட்டார்.

"மாமா, இங்கே கடை எல்லாம் மூடியிருக்கு."

"ஞாயித்துக்கிழமைன்னா அங்கே அப்படித்தான். உனக்கென்னடா கவலை? நீலப் பெட்டி, வலது ஓரம், கறுப்பு ஜெர்கினுக்குக் கீழ குக்கர். திற."

"திறந்துட்டேன். அரிசி இருக்கு."

"ரெண்டு கிலோ நூறு கிராம்" என்று மாமா எங்களைப் பார்த்தார்.

"அதுக்குத் தண்ணி எவ்வளவு மாமா?"

ஹாலில் கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. "நீ எத்தனை கிராம் எடுத்திருக்கே?"

"ஒரு டம்ளர்."

"டம்ளர் எத்தனை கிராம் பிடிக்கும்?"

மாமி டிகாக்‌ஷனை அப்படியே விட்டுவிட்டு வந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள். "கண்ணா, நான் சொல்றதைக் கேளு. ஒண்ணுக்கு மூணு. முதல்ல மூடியில கேஸ்கட் இருக்கா பாரு."

"கேஸ்கட்னா என்ன மாமி?"

வாடியிருந்த மாமாவின் முகம் மலர்ந்தது. எட்டிக் குனிந்து போனுக்குள் கத்தினார்:

"ஸ்பேர் வேற வெச்சிருக்கேன்டா! இடது கால் ஷூவுக்குள்ள பாரு!"