செட்டிங்ஸ் அண்ணன்

அலுவலகத்துக்கு ஒருவர், அடுக்ககத்துக்கு ஒருவர் என்று இவர்களை அளந்துதான் படைத்திருக்கிறார்கள். நீங்கள் லேப்டாப்பில் மும்முரமாக ஏதோ தட்டிக்கொண்டிருப்பீர்கள். "தம்பி, கொஞ்சம் நகருங்க" என்று பின்னாலிருந்து குரல் வரும். நீங்கள் நகர்வதற்குள் அவருடைய இரண்டு விரல்கள் உங்கள் ட்ராக்பேடில் இறங்கியிருக்கும்.

"என்ன தம்பி, இன்னும் தலைகீழாவா உருட்டுறீங்க?"

2011-இல் ஆப்பிள் தன் மேக் இயங்குதளத்தின் லயன் பதிப்பில் ஸ்க்ரோல் திசையைத் திருப்பிப் போட்டது. விரல் மேலே போனால் பக்கமும் மேலே போகும். அதுதான் இயற்கை என்று பெயரும் வைத்தது. அன்றைக்கே கட்சி மாறியவர் அண்ணன். பழைய திசைக்காரர்களைக் கண்டால், செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டு நடப்பவனைப் பார்த்ததுபோல் அவருக்கு மனசு ஆறாது.

மூன்று விரலால் இழுக்கும் வசதியை 2015-இல் ட்ராக்பேட் பக்கத்திலிருந்து தூக்கி, மாற்றுத்திறனாளிகளுக்கான பகுதிக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். போயே போய்விட்டது என்று ஊரே கைகழுவியது. அண்ணன் தேடிப் பிடித்தார். அது இருக்கும் இடம் தெரிந்தவர் என்கிற ஒரே தகுதியில் இன்றுவரை மரியாதை வாங்கிக்கொண்டிருக்கிறார்.

வீட்டுக்கு விருந்தாளி வந்தால் தனிக் கச்சேரி. மேக்புக்கை முழுசாக அணைத்துவிட்டு, "இப்ப ட்ராக்பேடை அமுக்குங்க" என்பார். அமுக்கினால் சத்தமே வராது. "பாத்தீங்களா? பட்டனே கிடையாது. வெறும் கண்ணாடி. ஆன்ல இருந்தா அடியில காந்தம் அதிரும், உங்க விரலு அதை க்ளிக்குன்னு நம்பிடும்!" காபி ஆறும்வரை விடமாட்டார். சொல்லப்போனால், நல்ல வித்தைதான். இரண்டாம் தடவை வாய் பிளப்பதுதான் கொஞ்சம் சிரமம்.

அண்ணனின் விண்டோஸ் லேப்டாப்புக்கு அப்டேட் நாள் மாதத்தின் இரண்டாம் செவ்வாய். அப்டேட் நமக்கு வந்து சேர ராத்திரி பத்தரை ஆகும். அமெரிக்காவில் குளிர்காலமென்றால் பதினொன்றரை. அண்ணி செவ்வாய் விரதம் முடித்துப் படுத்துவிடுவார். அண்ணனின் விரதம் அப்போதுதான் ஆரம்பம். ஐந்து வாரம் வரை தள்ளிப்போட ஒரு பட்டன் இருப்பதைச் சொல்லிப் பாருங்கள், உங்கள் வளர்ப்பைப் பற்றியே சந்தேகப்படுவார்.

விடிந்து பார்த்தால் சில சமயம் அப்டேட் அவருடைய செட்டிங்கை எல்லாம் கலைத்துப் போட்டிருக்கும். தட்டினால் க்ளிக் ஆகாது. உள்ளங்கை பட்டாலே கர்சர் ஓடும். நீங்களும் நானும் திட்டுவோம். அண்ணன் முகத்தில் ஒரு தெளிவு வரும். ஞாயிறுவரை வேலை கிடைத்துவிட்டதல்லவா!

இவ்வளவு பதமாக வைத்திருக்கும் லேப்டாப்பில் என்னதான் செய்கிறார் என்று கேட்டுவிடாதீர்கள். வீட்டுக் கரண்ட் பில் கட்டுவது அண்ணியின் பழைய கணினியில்தான். அது விண்டோஸ் 10. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் இல்லாததால் 11-க்கு ஏறாது. 2025 அக்டோபர் 14-உடன் அதற்கு ஆதரவு முடிகிறது என்று கேள்விப்பட்டதும், "அப்பாடா, இனி அதுல கை வைக்க மாட்டீங்கல்ல?" என்று அண்ணி பாயசமே வைத்தார்.

பாயசத்தை ரசித்துக் குடித்தபடி அண்ணன் சொன்னார்: "கவலைப்படாதே. இன்னும் ஒரு வருஷம் பாதுகாப்பு அப்டேட் வாங்க வழி இருக்கு. காலையிலேயே பதிஞ்சுட்டேன்."