ஆவணிக் கடைசிக் கறிநாள்: பெயர் வைக்கப்படாத ஒரு பண்டிகை குறித்த பூர்வாங்க ஆய்வு

ஒரு மாதத்துக்கு வாயைக் கட்டப்போகிற ஜனங்கள் அதற்கு முன்னால் ஒருநாள் வயிறு முட்டத் தின்றுவிடுவது உலக வழக்கம். தின்பதோடு நிற்காமல் அந்த நாளுக்கு ஒரு பெயரும் வைத்துவிடுவார்கள். முதல் கடமையைக் குறைவற நிறைவேற்றிவிட்டு இரண்டாவதைக் கோட்டைவிட்ட பகுதி ஒன்று உண்டு. அது மேட்டூரில் தொடங்கி மோகனூர் வரை, காவிரியின் இடது கரையில் விரிந்து கிடக்கும் சேலம், நாமக்கல் சமவெளி. இக்கட்டுரையின் ஆய்வுப் பரப்பு அதுவே.

முதலில், பெயர் வைத்த புண்ணியவான்கள். ஈஸ்டருக்கு 47 நாள் முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை வரும். மறுநாள் சாம்பல் புதன், தவக்காலத்தின் தொடக்கம். இடைக்கால ஐரோப்பாவில் தவக்காலத்தில் இறைச்சி மட்டுமல்ல, முட்டை, பால், வெண்ணெய் எல்லாமே விலக்கு. இருக்கிற முட்டையை வீணாக்க மனம் வராமல் மாவில் அடித்துக் கல்லில் ஊற்றித் தீர்த்தார்கள். இங்கிலாந்தில் அது ‘பேன்கேக் டே’ ஆயிற்று. ‘ஷ்ரோவ் டியூஸ்டே’ என்பது அதன் சர்ட்டிபிகேட் பெயர். பிரான்சில் ‘மார்டி கிரா’, அதாவது கொழுத்த செவ்வாய். போலந்துக்காரர்களுக்குப் பொறுமை இல்லை, அதற்கு முந்தின வியாழக்கிழமையே கொழுக்கத் தொடங்கிவிடுவார்கள். ரஷ்யர்களுக்கு ஒருநாள் போதாமல் ஒரு வாரம் எடுத்துக்கொண்டு அதற்கு ‘மாஸ்லெனித்சா’ என்று பெயர் வைத்தார்கள். ஹவாய்த் தீவில், போர்த்துகீசியர் கொண்டுபோன மலசாடா என்ற பலகாரத்தின் பெயரே நாளின் பெயர். இவர்கள் அனைவரிலும் நேர்மையானவர்கள் ஐஸ்லாந்துக்காரர்கள்தான். உப்புக்கறியும் பட்டாணி சூப்பும் தின்னும் அந்தச் செவ்வாய்க்கு அவர்கள் வைத்த பெயர் ‘வெடிக்கிற நாள்’. வெடிப்பது எது என்பதை விளக்க வேண்டியதில்லை.

பெயர் வைத்ததும் சடங்கு தானாக வந்துவிடும். இங்கிலாந்தில் ஓல்னி என்ற ஊரில் அன்றைக்குப் பெண்கள் கையில் வாணலியோடு, அதில் இருக்கும் பேன்கேக்கைத் தூக்கிப் போட்டுப் பிடித்தபடி, 415 கஜ தூரம் தேவாலயத்துக்கு ஓடுகிறார்கள். 1445இல் ஒரு பெண்மணி, கோயில் மணி கேட்டதும் அடுப்பிலிருந்த வாணலியோடே ஓடியதில் இது தொடங்கியது என்பது ஐதீகம். 1950 முதல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் லிபரல் என்ற ஊரும் இதே ஓட்டத்தை ஓடி, ஓல்னியோடு நேரத்தை ஒப்பிட்டு ஜெயித்தவர் யார் என்று அறிவிக்கிறது.

இதெல்லாம் சீமைச் சமாச்சாரம் என்று தள்ளிவிட முடியாது. கேரளத்துச் சுரியானிக் கிறிஸ்தவர்களின் ஐம்பது நோன்பு ஒரு திங்கட்கிழமை தொடங்கும். அதற்கு முந்தின ஞாயிறு கறியும் மீனுமாக நடக்கிற விருந்துக்குப் ‘பேத்ரத்தா’ என்று பெயர். மகாராஷ்டிரத்தில் சிராவண மாதம் முழுக்க மாமிசமும் மதுவும் தொடாதவர்கள் அதற்கு முன்வரும் ஆடி அமாவாசையில் இரண்டையும் ஒரு கை பார்ப்பார்கள். பஞ்சாங்கத்தில் அது தீப அமாவாசை. ஊர் வாயில் ‘கடாரி அமாவாசை’, குடித்துவிட்டுச் சாக்கடையில் கிடக்கிற அமாவாசை. நம்மவர்கள் எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வாழைக்காய்ப் பொரியலோடு உட்காரும் அதே அமாவாசைதான். காவிரியில் மூழ்கி எழுகிறவனும் புனேயில் ஆட்டுக்கறிக்கு வரிசையில் நிற்கிறவனும் ஒரே சந்திரனைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

இனி நம் பரப்புக்கு வருவோம். புரட்டாசியில் சூரியன் கன்னி ராசியில். கன்னிக்கு அதிபதி புதன், புதனுக்கு உரிய தெய்வம் பெருமாள். ஆகவே புரட்டாசி பெருமாள் மாதம், கவுச்சி ஆகாது. இது ஜோசியத் தரப்பு. பூமிச் சூடு வெளியே கிளம்புகிறது, வயிறு தாங்காது என்று விஞ்ஞானத் தரப்பு ஒன்றும் வருடாவருடம் வாட்ஸ்அப்பில் கிளம்பும். அந்தச் சூடு ஏன் ஆட்டுக்கறியில் மட்டும் ஏறி உருளைக்கிழங்கு போண்டாவில் ஏற மறுக்கிறது என்பதை அத்தரப்பு இன்னும் விளக்கவில்லை.

காரணம் எதுவானாலும் காரியம் உறுதி. சேலம் கோட்டை அழகிரிநாதர் கோயிலிலும், நாமக்கல்லில் குடைவரை நரசிம்மரிடமும், அவரைக் கைகூப்பிப் பார்த்தபடி கூரையில்லாமல் 18 அடி உயரத்தில் நிற்கும் ஆஞ்சநேயரிடமும் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் கால் வைக்க இடம் இருக்காது. சேந்தமங்கலம் பக்கம் நைனாமலையில் செங்குத்தான படிகளில் ஜனம் விடியுமுன்பே ஏறும். வீடுகளில் தளிகை போடுவார்கள். நெற்றியில் நாமமும் கையில் நாமம் போட்ட சொம்புமாகப் பிள்ளைகள் ‘கோவிந்தா’ சொல்லி அரிசி வாங்க வரும். இத்தனைக்கும் நடுவில் கறிக்கு ஏது இடம்?

ஆகவே கறி முன்னாலேயே உண்ணப்பட வேண்டும். எந்த நாளில் என்பதுதான் பஞ்சாங்கச் சிக்கல்.

புரட்டாசி பெரும்பாலும் செப்டம்பர் 17இல் பிறக்கும், சில வருடம் 18இல். ஆவணியின் கடைசி நாள் எந்தக் கிழமையில் வேண்டுமானாலும் வந்து நிற்கும். செவ்வாயும் வெள்ளியும் அம்மனுக்கு, சனி பெருமாளுக்கு, சில வீடுகளில் திங்கள் சிவனுக்கு. கிருத்திகை, சஷ்டி, பிரதோஷம் எல்லாம் தனிக் கணக்கு. கழித்துப் பார்த்தால் நிம்மதியாகக் கறி தின்னக்கூடிய கிழமைகள் மூன்று. அவற்றில் வேலைக்குப் போகாத கிழமை ஒன்று. எனவே ஆவணியின் கடைசி ஞாயிறே இப்பண்டிகையின் திதி என்று இவ்வாய்வு நிறுவுகிறது.

2025இல் ஓர் அபூர்வ சம்பவம் நடந்தது. ஆவணியின் கடைசி நாள் செப்டம்பர் 16, செவ்வாய்க்கிழமை. புரட்டாசி பிறந்தது புதன்கிழமை. ஐரோப்பிய மரபோடு கிழமைக்குக் கிழமை பொருந்தி, செவ்வாய் விருந்து, புதன் விரதம் என்று உலக ஒருமைப்பாடு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. செவ்வாய்ப்பேட்டை என்றே ஒரு பேட்டையை வைத்திருக்கிற சேலத்துக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது. பயனில்லை. செவ்வாயில் கறி ஆகாது என்பதால் எல்லாரும் 14ஆம் தேதி ஞாயிறே தின்று முடித்திருந்தார்கள்.

2023இல் நடந்தது நேர் எதிர். கடைசி நாளும் கடைசி ஞாயிறும் ஒன்றாகவே செப்டம்பர் 17இல் விழுந்தன. இப்படி அமைவது யோகம் என்று கொண்டாடுவதற்கில்லை. மறுநாளே விநாயகர் சதுர்த்தி. மத்தியானம் குடல் குழம்பு கொதித்த அடுப்படியை ராத்திரிக்குள் கழுவித் துடைத்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, கொழுக்கட்டைக்கு மாவு கிளற வேண்டியிருந்தது. அன்று இந்தச் சமவெளியில் ஓய்ந்து உட்கார்ந்த பெண்கள் குறைவாகவே இருந்திருப்பார்கள். இப்பண்டிகையின் வரலாற்றை ஆண்கள் எழுதக்கூடாது என்பதற்கு இது ஒன்றே போதிய சான்று. எழுதுகிறவர் அதைத் தெரிந்தே எழுதுகிறார்.

புலத்தில் காணக்கிடைப்பவை சில. காலை ஆறு மணிக்கே கறிக்கடை வாசலில் தூக்குப்போசிகள் வரிசை கட்டும். நெகிழிப் பைக்குத் தடை வந்தபிறகு போசி திரும்பி வந்தது இப்பகுதியின் சிறிய மறுமலர்ச்சி. “அண்ணா, தொடக்கறியா போடுங்க, நல்லி ஒண்ணு சேத்துப் போடுங்க” என்று முன்வரிசை கேட்கும். “ஈரல் இருக்குதுங்களா?” என்று பின்வரிசை கேட்கும்போது ஈரல் தீர்ந்திருக்கும். தன் ஊர்ப் பெயரிலேயே மேச்சேரி என்றொரு செம்மறி இனமும், அதற்கென்று பொட்டனேரியில் ஓர் ஆராய்ச்சி நிலையமும் வைத்திருக்கிற சேலம் மாவட்டத்தில், கடைப் பலகைகள் பெருமையோடு அறிவிப்பது ‘வெள்ளாட்டுக் கறி’ என்பதுதான். உள்ளூர் வித்வானுக்கு உள்ளூரில் மரியாதை இராது. பள்ளிபாளையம் பக்கம் போனால் கோழிக்குத்தான் முதல் மரியாதை. வரமிளகாயைக் கிள்ளி, சின்ன வெங்காயமும் தேங்காய்ப் பல்லும் போட்டு வதக்கி, மசாலாப் பொடிக்கு வேலையே வைக்காத அந்த வறுவல், தன் ஊர்ப் பெயரைத் தமிழ்நாட்டு ஓட்டல் பலகைகளில் எல்லாம் எழுத வைத்துவிட்டது.

அன்றைக்கு மாப்பிள்ளைகளின் நடமாட்டமும் கூடும். புரட்டாசியில் கல்யாணம் இல்லாததால் ஆவணிக் கடைசி முகூர்த்தங்களில் மண்டபம் கிடைக்காது. அப்படிக் கட்டிக்கொண்ட புது மாப்பிள்ளைக்குப் பெண் வீட்டில் கறி விருந்து போட அந்த ஒரு ஞாயிறுதான் மிச்சம். அதையும் தவறவிட்ட மாமியார் ஒரு மாதம் முருங்கைக்காய்ச் சாம்பாரை வைத்துக்கொண்டு சமாதானம் சொல்ல வேண்டும்.

முட்டையை இனியும் ஒத்திப்போட முடியாது. ஐரோப்பாவில் இப்பண்டிகை பிறந்ததே முட்டையால். நம் ஆய்வுப் பரப்போ முட்டையின் தலைநகரம். நாமக்கல்லில் முட்டை கவுச்சியா இல்லையா என்பதில் சம்பிரதாய பேதம் நிலவுகிறது. மாதம் முழுக்க முட்டையையும் சேர்த்து விலக்குகிற கடுமையான பிரிவு உண்டு. சனிக்கிழமை மட்டும் விலக்குவோர் உண்டு. “குஞ்சு பொரிக்காத முட்டைங்க, அது காய்கறி மாதிரி” என்று பண்ணை விஞ்ஞானம் பேசுவோரும் உண்டு. சேவல் வாடையே படாத கூண்டுக் கோழியின் முட்டை பொரியாது என்பது உண்மைதான். வீட்டுக்குள் ஆகாது, பைபாஸ் கடையில் ஆகும் என்கிற கிளை ஒன்று தனித்து இயங்குகிறது. பெருமாளின் அதிகார எல்லை வாசற்படியோடு முடிகிறது என்பது அவர்களின் சித்தாந்தம்.

கோழிக்கு இந்தப் பேதம் எதுவும் தெரியாது. சுமார் இருபது வாரத்தில் முட்டையிடத் தொடங்கிய கோழிக்கு ஒரு முட்டை உருவாக ஏறக்குறைய ஒருநாள்; புரட்டாசி பிறந்தது என்பதற்காக அது உண்ணாவிரதம் இருக்காது. தட்டில் முப்பது முப்பதாக முட்டை அடுக்கப்பட்டுக்கொண்டே இருக்கும், வாங்குகிற கை மட்டும் குறையும். 1982இல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு ஏற்பட்டு, நாமக்கல் மண்டலத்துக்கென்று விலை அறிவிக்கும் வழக்கம் வந்தபிறகு, பக்தியின் ஏற்ற இறக்கத்தைப் பைசாக் கணக்கில் அளக்க முடிகிறது. வடக்கே சிராவணம், இங்கே புரட்டாசி, பிறகு நவராத்திரி, கார்த்திகையில் சபரிமலை மாலை என்று ஒவ்வொன்றுக்கும் விலை இறங்கும். அந்த நாட்களில் பண்ணைக்காரர்களுக்குக் கைகொடுக்கிறவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். சத்துணவில் முட்டை போடுவதற்கு மாதம் பார்ப்பதில்லை.

இவ்வளவு இலக்கணமும் பொருந்திய ஒரு பண்டிகைக்கு ஏன் பெயர் இல்லை? கொங்குப் பக்கமும் சேலத்துப் பக்கமும் பெயர் வைக்கத் தெரியாதவர்கள் இல்லை. ஆடி முதல் நாளில் தேங்காய்க்குள் வெல்லமும் பாசிப்பருப்பும் எள்ளும் அடைத்து, அழிஞ்சில் குச்சியில் செருகி நெருப்பில் வாட்டுகிறார்கள். அதற்குத் ‘தேங்காய் சுடும் பண்டிகை’ என்று கூசாமல் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தத் தேங்காய் பிள்ளையாருக்குப் படைக்கப்படுகிறது, அதனால் பெயர் ஏறிற்று. ஆவணிக் கடைசி ஞாயிற்றில் படைக்கப்படுவது வீட்டுக்காரருக்கு மட்டுமே. பெயர் வைத்தால் காலண்டரில் ஏறும். காலண்டரில் ஏறினால் யாராவது ஒரு சாமியைக் கொண்டுவந்து அதில் உட்கார வைப்பார்கள். சாமி உட்கார்ந்தால் கவுச்சி போய்விடும். ஜனங்கள் இதை யோசித்தே வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள் என்பது இவ்வாய்வின் கருதுகோள்.

பெயர்தான் இல்லையே தவிர, அந்நாளைக் குறிக்க ஒரு முழு வாக்கியம் புழக்கத்தில் இருக்கிறது. “இன்னைக்கு விட்டா இனி ஐப்பசிதான்.” கறிக்கடைக்காரர் தராசில் கைவைத்தபடி இதைச் சொல்வார், அரைக்கிலோ கேட்டவர் ஒரு கிலோவாக்குவார். வீட்டில் இதையே அம்மா சொன்னால் பிள்ளையின் தட்டில் இன்னொரு கரண்டி விழும். சாப்பிட்டு முடித்ததும் கறிச்சட்டி தேய்த்துக் கவிழ்க்கப்பட்டு அட்டாலிக்கு ஏறும்.

அதே சட்டி இறங்குகிற நாள் ஒன்று இருக்கிறது, ஐப்பசியின் முதல் ஞாயிறு. 2025இல் அது அக்டோபர் 19, தீபாவளிக்கு முந்தின நாள். அன்று தின்றது புரட்டாசிக்கான பாக்கியா தீபாவளிக்கான அச்சாரமா என்று வகைப்படுத்த வேண்டியிருக்கிறது. அதற்கும் பெயர் இல்லை. கூட்டம் மட்டும் ஆவணிக் கடைசியைவிடக் கூடுதலாக இருந்தால் ஆச்சரியப்பட ஏதுமில்லை. அந்த ஆய்வுக்குப் போகிற ஆய்வாளர் தூக்குப்போசியோடு ஐந்தரை மணிக்கே போவது நல்லது, ஈரல் கிடைக்கும்.