பாயும் வரேல்லை, நாயும் எங்கட இல்லை

ஓடர் போடுகிற நேரம் நான் "அண்ணா". விலை குறைக்கச் சொல்லும்போது "ஐயா". காசு போட்ட ஸ்லிப்பைப் படம் எடுத்து வட்சப்பில் அனுப்பியதும், இனிக் குறைக்க ஒன்றுமில்லை என்பதாலோ என்னவோ, "அங்கிள்". கூரியர் ஒரு நாள் பிந்தினால் "ஹலோ". அதற்கு அடுத்த நாள் பெயரே கிடையாது, வெறும் கேள்விக்குறிகள். சாமான் வாசலுக்குப் போய், கையொப்பமும் வாங்கியபிறகு "இன்னும் வரல்ல" என்று ஒரு ஆள் பிடிவாதமாக நிற்கத் தொடங்கினால், நான் "ஓய்". அதற்குப் பின்னால் என்னை அழைத்த பெயர்களை எழுத ஏலாது. என் மாமியார் எழுத்துக் கூட்டியாவது நான் எழுதுவதை வாசிக்கிறவ. புதுச் சொல் ஒன்று கிடைத்தால் விடமாட்டா.

வியாபாரம் என்னுடையது இல்லை, மகளுடையது. மட்டக்களப்பு வாவிக்கு அக்கரையில், படுவான்கரைப் பெண்கள் இழைக்கிற பன்பாய்களை வாங்கி, படம் பிடித்து, பேஸ்புக்கில் போட்டு விற்கிறாள். நடக்கிற இடம் எங்கள் வீட்டு விறாந்தை. "எங்கள் வீடு" என்பதும் ஒரு பேச்சுக்குத்தான். மட்டக்களப்பில் வீடு பெண்பிள்ளைக்குக் கொடுக்கிற சீதனம். மாப்பிள்ளை சூட்கேசோடு வந்து சேருகிறவர். நான் வந்து சேர்ந்த அன்று மாமியாரிடம் யாரும் கையொப்பம் வாங்கவில்லை. அதனால் என்னைப் பெற்றுக்கொண்டதாக அவ இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

முறைப்பாட்டுப் போனை என் கையில் தந்தது மகள். நான் தபால் கந்தோரில் பதிவுத் தபால் கவுண்டரில் இருந்து இளைப்பாறினவன். "அப்பாக்குத்தான் இதெல்லாம் தெரியும்" என்றாள். சம்பளம் பிளேன்டீ. சீனி அளவோடு.

கந்தோரில் இருந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது. இலங்கையில் முதல் முத்திரை வந்தது 1857இல். "கடிதம் கிடைக்கல்ல" என்ற முதல் முறைப்பாடு அடுத்த கிழமையே வந்திருக்கும். அதற்காகத்தானே பதிவுத் தபால்! ஒரு இலக்கம், ஒரு துண்டு, பெறுகிறவரின் கையொப்பம், கேட்டால் கிடைத்ததற்கு அத்தாட்சியாகத் திரும்பி வருகிற அட்டை. கையொப்பத்தை எடுத்துக் காட்டினால் எவ்வளவு பெரிய வாயும் மூடும். மூடாத வாயைத் தபாலதிபரிடம் அனுப்பிவிடலாம். இங்கே தபாலதிபரும் நான்தான்.

காசைக் கையில் வாங்கிக்கொண்டு சாமானைக் கொடுக்கிற முறையும் இருக்கிறது. அதில் "வரல்ல" கிடையாது, "வேணா" இருக்கிறது. கூரியர் பொடியன் வாசலில் நின்று அடிக்க அடிக்கப் போனை எடுக்க மாட்டார்கள். பாய் ஊர் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பி வரும், போக்குவரத்துக் கூலி எங்கள் தலையில். கொழும்பையும் கண்டியையும் என்னைவிடக் கூடப் பார்த்த பாய் ஒன்று விறாந்தையில் கிடக்கிறது. இந்தக் கரைச்சல் தாங்காமல், காசை முதலில் வங்கியில் போடச்சொன்னாள் மகள். "வரல்ல" பிறந்தது அன்றைக்குத்தான்.

மோதிரம் விற்கிறோம், காதில் மாட்டுகிற ஹெட்போன் விற்கிறோம் என்றால் எங்கேயோ இடுக்கில் விழுந்திருக்கும் என்று நானும் நம்பிவிடுவேன். நாங்கள் அனுப்புவது பாய். சுருட்டிக் கட்டி நிறுத்தினால் என் தோளுக்கு வரும். அமெரிக்காவில் வாசலில் வைத்துவிட்டுப் போன பாசல்களைத் தூக்கிக்கொண்டு ஓடவே ஒரு கள்ளர் கூட்டம் உண்டு, கடற்கொள்ளையர் மாதிரி அவர்களுக்குப் பட்டப்பெயர்கூட வைத்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் ஒருவன் சுருட்டிய பாயைத் தோளில் வைத்துக்கொண்டு ஓடினால் போதும், யார் மோசம் போனது என்று கேட்டுக்கொண்டு பின்னால் ஒரு கூட்டமே வரும்.

முந்தியென்றால் தப்புவதற்கு ஒரு நல்ல சாட்டு இருந்தது. "பாதை ஓடல்ல, அதான் பிந்திற்று" என்றால் யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். (வெளியூர்க்காரருக்கு: எங்கள் பாதை நிலத்தில் கிடக்கிறதில்லை. ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவை அது.) 2014இல் ஜப்பான்காரர் உதவி செய்து மண்முனையில் பாலம் வந்தது. கொக்கட்டிச்சோலைப் பக்கத்துச் சனங்களுக்கு விமோசனம். எனக்கு ஒரு சாட்டுக் குறைந்தது.

மண்டூருக்கென்றால் இன்னும் குருமண்வெளியில் பாதை ஏறலாம், இல்லாவிட்டால் பட்டிருப்புப் பாலத்தால் சுற்றலாம். அங்கேயிருந்து ஒரு தம்பி "பாய் வரல்ல, நீங்க எல்லாம் களவாணிக் கூட்டம்" என்று விடிய விடிய எழுதினார். விசாரித்தால், பாதையடியில் அவருடைய மாமா நின்றிருக்கிறார், "என்ட மருமகன்டதான்" என்று வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். தம்பிக்கு அழைத்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "மாமா அதில படுத்துக் கிடக்கார் அங்கிள், எழும்பினா கேட்டுச் சொல்றன்" என்றார். மாமா இன்னும் எழும்பவில்லை போலிருக்கிறது.

அதெல்லாம் சின்ன மீன். என்னை உண்மையில் விழுத்தினது வெள்ளவத்தையில் இருந்து ஓடர் போட்ட ஒரு அம்மணி.

ஓடர் போட்ட அன்றைக்கு எவ்வளவு அன்பு! "உங்கட ஊரில பாயோட ஒட்ட வச்சிடுவினமாம், இந்தப் பாய் ஒட்டாதுதானே?" என்று சிரிப்பு முகம் போட்டா. மட்டக்களப்புக்கு வந்தவன் திரும்பிப் போகமாட்டான் என்பதற்கு வெளியூரார் கட்டிவிட்ட பழைய கதை. நானும் சிரித்துவைத்தேன். "மீன் பாடுறது உண்மையோ?" என்று அடுத்த கேள்வி. "ஓம் பிள்ள, பாடும்" என்றேன். உடனே நம்பிவிட்டா.

உங்களிடம் சொல்வதற்கென்ன, பூரணை இரவில் கல்லடிப் பாலத்தடியில் வள்ளத்தில் இருந்து, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறு முனையைக் காதில் வைத்துக் கேட்டவன் நான். எனக்குக் கேட்டது பாலத்தில் போன மோட்டார் சைக்கிள். எமர்சன் டெனன்ட் என்ற வெள்ளைக்காரத் துரை 1848இல் வள்ளத்தில் போய் அந்த இசையைக் கேட்டு, 1859இல் வந்த தன் புத்தகத்தில் எழுதிவைத்தார். அவருக்கு மீனவர்கள் காட்டியது மீனைக்கூட இல்லை, ஊரி என்கிற நத்தையை. 1950களில் லாங் என்ற பாதிரியார் தண்ணீருக்குள் ஒலிவாங்கியை இறக்கிச் சத்தத்தைப் பதிவு செய்தார். பாடுகிறது மீனா, ஊரியா என்று இன்னும் வழக்குத் தீரவில்லை. ஆனாலும் உலகம் நம்புகிறது. எங்கள் பாய் போய்ச் சேர்ந்ததற்குக் கையொப்பம் இருந்தது, நேரம் இருந்தது, படம் இருந்தது. அதை நம்ப ஒரு ஆள் இல்லை.

படத்தைச் சொல்கிறேன். நீல நிறக் கேற். அதில் சாய்த்துவைத்த எங்கள் பாய். பக்கத்தில் ஒரு நாய், கமராவைப் பார்த்தபடி. அம்மணிக்கு அனுப்பினேன்.

"இது எங்கட கேற் இல்லை."

கேற்றில் இருந்த வீட்டு இலக்கத்தைப் பெருப்பித்து அனுப்பினேன்.

"கேற் எங்கட. நாய் எங்கட இல்லை."

அம்மணியின் சொந்தப் பேஸ்புக் பக்கத்தில் அதே நாய் பிறந்தநாள் தொப்பியோடு இருந்தது. மகள் தேடி எடுத்துத் தந்தாள். அதையும் அனுப்பினேன்.

"நாயும் எங்கடதான். பாய் வரேல்லை."

கவுண்டர்க்காரன் புத்தி சும்மா கிடக்குமா? இரவு முழுக்க இருந்து ஒரு கடிதம் தயாரித்தேன். "தங்களின் மேற்படி முறைப்பாடு தொடர்பில் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவர விரும்புவது யாதெனில்" என்று தொடங்கி, 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் வரை போனேன். இங்கிலாந்தின் 1893ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பார்த்து எழுதினது. விற்கிறவன் கொண்டுபோகிறவனிடம் சாமானை ஒப்படைத்துவிட்டால், வாங்குகிறவரிடமே கொடுத்ததாகத்தான் முதலில் கொள்ள வேண்டும் என்று அதில் ஒரு பிரிவு உண்டு. எழுதினவர் மாட்டுவண்டியை நினைத்திருப்பார், ஆனாலும் எங்கள் பாய்க்குத் தைத்த சட்டை மாதிரிப் பொருந்தியது. அனுப்பிவிட்டு, மனைவியை எழுப்பி வாசித்தும் காட்டினேன். "யார் செத்தது?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்தா.

காலையில் பதில்: "1896ல சட்டம் எழுதினவரையே வந்து பாயை எடுத்துத் தரச் சொல்லுங்கோ." அதற்குக் கீழே: "நான் 1977க்கு அடிக்கப்போறன்."

1977 என்றால் எனக்குத் தெரிந்தது ஜே.ஆர். வென்ற தேர்தல், அதற்கு அடுத்த வருஷம் எங்கள் ஊரைப் புரட்டிப்போட்ட சூறாவளி. அம்மணி எதற்கு அரசியல் பேசுகிறா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். "அப்பா, அது நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின்ட நம்பர்" என்றாள் மகள். நியாயம் முழுக்க என் பக்கம். கையொப்பம் என் பக்கம். நாய்கூட என் பக்கம். ஆனாலும் அரச உத்தியோகம் பார்த்தவனுக்கு "மேலிடத்துக்கு முறைப்பாடு" என்ற சொல் காதில் விழுந்தால் வயிறு கலங்கிவிடும்.

"பிளொக் பண்ணிட்டு விடுங்க மாமா" என்றார் மருமகன். அவருக்கென்ன, சூட்கேசோடு வந்து சேர்ந்து கொஞ்சக் காலம்தான் ஆகிறது, ரோஷம் மிச்சம் இருக்கிறது. மனைவி குசினிக்குள் இருந்தே தீர்ப்புச் சொன்னா: "ஒரு பாயோட போகட்டும். மறுகாவும் கடிதம் எழுதிக்கொண்டு இரிக்காதீங்க, லைற் பில் கூடுது." என் பென்சன் காசில் இன்னொரு பாய் வாங்கி, நானே சுற்றிக் கட்டி, கூரியர் கூலியும் கட்டி அனுப்பினேன். இந்த முறை நாய் படத்தில் இல்லை. அதற்கும் வெட்கமாக இருந்திருக்கும்.

அம்மணியிடமிருந்து "கிடைச்சது" என்று வந்தது. கூடவே நீளமாக இன்னொன்று:

"அங்கிள், இப்ப ரெண்டு பாய் இருக்கு. முதல் வந்ததை வேலைக்கு வாற அம்மா மேல்வீட்டில சுருட்டி வச்சிருக்கிறா, எனக்குச் சொல்லேல்லை. ரெண்டும் சிவப்புக் கரை. ஒன்றைப் பச்சைக் கரையில மாத்தித் தருவீங்களோ? கூரியர் காசு உங்கட பக்கம்தானே?"

மறுபடி "அங்கிள்" ஆகியிருந்தேன் என்பதைக் கவனித்தீர்களா? அந்தச் சந்தோஷத்தில், கேட்க நினைத்த எதையும் கேட்காமல் பச்சைக் கரைப் பாயைக் கட்டினேன். சிவப்புக் கரைப் பாய் திரும்பி வரும் என்று சொன்னா. வரேல்லை.

ஆனால் பக்கத்தில் மதிப்பீடு எழுதியிருந்தா: "நாலு நட்சத்திரம். பாய் அருமை. கதைக்கிற அங்கிளின்ட முறை சரியில்லை, அதுக்காக ஒன்று குறைச்சிருக்கு."

மகளின் போனை வாங்கி மனைவி அதைச் சத்தமாக வாசித்தா, மாமியாருக்கும் கேட்கிற மாதிரி.

"ஒண்டுதானே குறைச்சிருக்கு? தங்கமான புள்ள."