பாக்ஸ் தம்பி

அவருடைய விசிட்டிங் கார்டில் 'டிஜிட்டல் சைனேஜ் கன்சல்டன்ட்' என்று போட்டிருக்கும். கார்டை வாங்கிக்கொண்ட முதலாளிகள் யாரும் அதைப் படிப்பதில்லை. செல்போனில் 'டிவி பாக்ஸ்' என்று பதிந்து வைத்துக்கொண்டு, "அந்த பாக்ஸ் தம்பியக் கூப்பிடு" என்பார்கள். எலக்ட்ரீசியன் என்று சொன்னால் அவருக்கு முகம் சுண்டிப்போகும். கேபிள் டிவிக்காரர் என்று சொல்லிவிட்டாலோ அன்றைக்கு வேலையே நடக்காது. டிப்ளமோ ஈ.சி.ஈ. படித்தவர். இன்னும் இரண்டு அரியர் பாக்கி இருப்பதை அவரும் மறந்துவிட்டார், பாலிடெக்னிக்கும் மறந்துவிட்டது.

திருநெல்வேலி டவுன் ரத வீதிகளில் தொடங்கி வண்ணார்பேட்டை, பாளையங்கோட்டை வரைக்கும் எந்த ஜவுளிக்கடையில், நகைக்கடையில், கல்யாண மண்டபத்தில் ஒரு திரை மின்னினாலும் அதன் முதுகுப்பக்கம் அவர் சுற்றிய இன்சுலேஷன் டேப் இருக்கும். வந்ததும் ஏணி கேட்பார். கடையில் ஏணி இருக்காது. பக்கத்துப் பெயின்ட் கடையிலிருந்து அது வந்து சேரும்வரை டீ குடிப்பார். தோள்பையில் பல நீளங்களில் எச்.டி.எம்.ஐ. கேபிள்கள், பெயர் எழுதாத மெமரி கார்டுகள் ஒரு டப்பா நிறைய, பேட்டரி தீர்ந்துபோன வயர்லெஸ் மவுஸ் ஒன்று. மவுஸுக்கான பேட்டரியைக் கடைச் சுவர்க்கடிகாரத்திலிருந்துதான் எடுப்பார். வேலை முடிந்ததும் நேர்மையாகத் திருப்பிப் போட்டுவிடுவார். கடிகாரத்தைச் சரியாகத் திருகி வைக்கத்தான் மறந்துபோகும். நேரத்துக்கும் அவருக்கும் எப்போதும் ஒத்துவராது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அவர் மாட்டுகிற 'பாக்ஸ்' என்னவென்று எட்டிப் பார்த்தால், பல இடங்களில் அது ஏ.டி.எம். கார்டு அளவே உள்ள ஒரு பச்சைப் பலகைதான். பெயர் ராஸ்பெர்ரி பை. இங்கிலாந்துப் பிள்ளைகள் மலிவான கணினியில் புரோகிராம் எழுதிப் பழகட்டும் என்று கேம்பிரிட்ஜில் சிலர் கூடி யோசித்து, 2012-ல் 35 டாலருக்கு வெளியிட்ட சாதனம். அந்தப் பிள்ளைகள் பழகினார்களோ இல்லையோ, நம் ஊரில் அது காலை 10 மணி முதல் இரவு 10 மணி வரை 'இரண்டு பட்டுச்சேலை எடுத்தால் ஒரு குக்கர் இலவசம்' என்று ஓயாமல் ஓதிக்கொண்டிருக்கிறது. இந்த வேலைக்கென்றே செய்த விலையுயர்ந்த பிளேயர்கள் உண்டு. பெரிய டிவி கம்பெனிகள் பிளேயரைத் திரைக்குள்ளேயே வைத்தும் விற்கின்றன. பாக்ஸ் தம்பி அவற்றின் விலையை ஒரு தடவை சொன்னால் போதும், "அந்தச் சின்னப் பலகையவே போடுடே" என்று பேச்சு முடிந்துவிடும்.

சிக்கனம் பலகையோடு நிற்காது. ராஸ்பெர்ரி பையின் நான்காம் தலைமுறையான பை 4 என்றால் 5 வோல்ட், 3 ஆம்பியர் தருகிற அடாப்டர் வேண்டும். "நம்ம பழைய செல்போன் சார்ஜர் சும்மாதான கெடக்கு, அதக் குத்து" என்பார் முதலாளி. குத்துவார்கள். மின்சாரம் போதாதபோது திரையின் மூலையில் ஒரு மஞ்சள் மின்னல் குறி தோன்றும். சார்ஜரை மாற்று என்று பலகை கெஞ்சும் விதம் அது. கல்லாவில் இருப்பவருக்கு அது தெரியுமா? மின்னலைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு மழ உண்டுன்னு டிவில போடுதான்" என்று வாசலில் சேலை கட்டி நிறுத்தியிருந்த பொம்மைகளை உள்ளே தூக்கி வைத்த கடை ஒன்று உண்டு. அன்றைக்கு மழையும் பெய்து தொலைத்தது. அதனால் அந்தக் கடையில் சார்ஜரை மாற்ற இன்றுவரை சம்மதம் கிடைக்கவில்லை.

பாக்ஸ் தம்பிக்கு வாழ்க்கையில் ஒரே எதிரி மெயின் சுவிட்ச். இரவு கடை அடைக்கும்போது மெயினை இறக்கிவிட்டுச் சாவியைக் கண்ணில் ஒற்றிக்கொள்வது தாத்தா காலத்து வழக்கம். மெமரி கார்டில் பலகை எதையாவது எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் பிடுங்கப்பட்டால் கார்டில் உள்ள கோப்புகள் குழம்பிப்போகும்; இது சில இரவுகள் நடந்தால் ஒரு காலையில் பெட்டி எழுந்திருக்காது. "அண்ணாச்சி, இதுக்கு மட்டும் தனி லைன் குடுங்க. ஒரு நைட் லேம்ப் அளவுதான் கரன்ட் இழுக்கும்" என்று அவர் மன்றாடுவார். "நைட் லேம்பே நான் வீட்டுல போட மாட்டேம்லா" என்பது பதில்.

காலையில் மெயினை ஏற்றியதும் பலகை விழித்துக்கொள்ளும். டிவி ரிமோட்டுக்காகக் காத்துக் கிடக்கும். ரிமோட் கல்லாப்பெட்டிக்குள், கல்லாச் சாவி முதலாளி இடுப்பில், முதலாளி இன்னும் கோவிலில். அதற்குள் பலகை, எதிரே டிவி இருக்கிறதா என்று பார்த்து, இல்லை என்று முடிவுகட்டி, படம் அனுப்புவதையே விட்டுவிடும். பிறகு டிவியைப் போட்டால் 'சிக்னல் இல்லை' என்று வரும். டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் நீ பாட்டுக்கு அனுப்பிக்கொண்டிரு என்று அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது. அந்த ஒரு வரிக்காக அவர் ஏணியில் ஏறி இறங்குவதையும், நெற்றியைத் துடைத்துக்கொள்வதையும், யாருக்கோ போன் போட்டு இங்கிலீஷில் நாலு வார்த்தை பேசுவதையும் பார்த்தால், டிவியையே அங்கே வைத்துச் செய்கிறார் என்று தோன்றும். வேண்டுமென்றேதான் செய்கிறார். ஒரு வரி எழுதினதுக்கெல்லாம் இந்த ஊரில் யாரும் காசு தர மாட்டார்கள், வியர்வைக்குத் தருவார்கள்.

நேரத்தைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. பை 4 வரைக்கும் வந்த பலகைகளில், அணைத்த பிறகும் நேரத்தைப் பிடித்துவைக்கும் கடிகாரம் கிடையாது. 2023-ல் வந்த பை 5-ல் கடிகாரம் உண்டு, அதற்கான பேட்டரியைத் தனியாக வாங்கிச் செருக வேண்டும். நெட் இருந்தால் மணி என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும். நெட் இல்லையென்றால், நேற்று இரவு எந்த மணிக்கு அணைந்ததோ கிட்டத்தட்ட அந்த மணியிலிருந்து எழும். ஒரு வெள்ளிக்கிழமை. கடை திறந்து, சாம்பிராணி போட்டு, முதல் போணிக்கு ஒரு குடும்பம் படியேறுகிறது, கல்யாண ஜவுளி. திரையில் பெரிய எழுத்தில், 'நன்றி! மீண்டும் வருக!' பெட்டியைப் பொறுத்தவரை மணி இரவு 9:50. வந்தவர்களில் மூத்தவர் செருப்பைக் கழற்றாமலே திரும்பிவிட்டார். முதலாளி போனில் பாக்ஸ் தம்பியைத் திட்டிய சொற்களில் அச்சேறக்கூடியது 'வெளங்காதவன்' ஒன்றுதான். அவர் ஓடிவந்து வைஃபையைச் சரிசெய்தார். எதற்கும் இருக்கட்டும் என்று 'மீண்டும் வருக'வைத் தூக்கிவிட்டு, எந்த மணிக்கு ஓடினாலும் வம்பில்லாத 'வாழ்க வளமுட'னைப் போட்டுவிட்டுப் போனார்.

எல்லாம் ஓட ஆரம்பித்த பிறகுதான் நிஜமான தலைவலி. என்ன ஓட வேண்டும்? முதலாளிக்குத் தெரிந்த பதில், "எல்லாம் ஓடணும்." திரையைப் பாகம் பாகமாகப் பிரிக்கவும் முடியும் என்று டீ குடித்த உற்சாகத்தில் ஒருநாள் பாக்ஸ் தம்பி வாய்தவறிச் சொல்லிவிட்டார். அதோடு திரை, அண்ணன் தம்பிகள் சுவர் எழுப்பிக்கொண்ட பூர்வீக வீடு மாதிரி ஆகிவிட்டது. இடது ஓரத்தில் மறைந்த பெரிய முதலாளியின் படமும் அசையும் தீபமும். வலது மேல்மூலையில் கடை லோகோ சுற்றிக்கொண்டே இருக்கும். நடுவில் மணப்பெண் கோலத்தில் ஒரு மாடல். அவள் முகத்தை மறைத்துக்கொண்டு நெல்லையப்பர் கோவில் ஆனித் தேரோட்ட வாழ்த்து. அடியில் சிவப்புப் பட்டையில் எழுத்து ஓடும்: முதலாளி மகனுக்கு எம்.பி.பி.எஸ். சீட் கிடைத்த செய்தி.

"ரோட்டுல போறவன் மூணு செகண்டுல படிச்சு முடிக்கணும் அண்ணாச்சி, அப்பதான் பிரயோஜனம்."

"ஏன், நின்னு படிச்சா அவனுக்குக் கால் ஒடிஞ்சு போகுமோ?"

தமிழ் எழுத்து தனிக் கதை. டிசைன் செய்கிற பையன் பாமினி எழுத்துருவில் பழகியவன். அவன் கணினியில் 'வணக்கம்' என்று தெரிவது உள்ளுக்குள் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான். மேலே தமிழ் வேஷம். அதை அப்படியே வெட்டி, ஓடும் எழுத்துப் பட்டையில் ஒட்டினால், பாமினி இல்லாத பெட்டி வேஷத்தைக் கலைத்துவிட்டு உள்ளதைக் காட்டும். பொங்கல் வாழ்த்து அரைப்புள்ளி அரைப்புள்ளியாக ஓடுவதைப் பார்த்து, யாரையோ இங்கிலீஷில் வைதிருக்கிறார்கள் என்று நினைத்து ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் கடைக்குள் வந்து விசாரித்தார். தமிழ்நாடு அரசே 2010-ல், எழுத்துகளுக்கான உலகப் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாறச் சொல்லி ஆணை போட்டுவிட்டது. டிசைன் பையனுக்குத் தபால் இன்னும் வந்து சேரவில்லை.

யூனிகோடில் கொடுத்தால் மட்டும்? பெட்டியில் தமிழ் எழுத்துரு ஏற்றாவிட்டால் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வரும். "குறுக்கெழுத்துப் போட்டியா? பரிசு என்ன?" என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள். எழுத்துரு இருந்தும் அதைச் சேர்த்துக் கோக்கத் தெரியாத மென்பொருளாக இருந்தால், 'கொலுசு'வின் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிய்ந்து கிடக்கும். கடைசியில் பாக்ஸ் தம்பி மனம் வெறுத்து எல்லா வாசகத்தையும் படமாகவே மாற்றி ஏற்றிவிடுவார். படமாகிவிட்டால் ஓர் எழுத்தைத் திருத்தவும் டிசைன் பையன் தூங்கி எழுந்து வரவேண்டும். நம் ஊர்த் திரைகளில் 'தல்லுபடி' வருஷக்கணக்காக அசையாமல் நிற்பதன் காரணம் இதுதான்.

நகைக்கடைச் சங்கடம் இன்னும் பெரிது. தங்கம் விலையைக் காலையில் அறிவிப்பார்கள். சில நாள் பிற்பகலில் மறுபடியும் மாறும். திரையில் யார் மாற்றுவது? "அது கம்ப்யூட்டர் வேலல்லா" என்பார் கல்லாக்காரர். "எனக்குப் பாஸ்வேர்டு தெரியாது" என்பார் கணக்குப்பிள்ளை. பாஸ்வேர்டு தெரிந்த ஒரே ஜீவன் அம்பாசமுத்திரத்தில் வேறொரு ஏணியில் நிற்கும். நேற்றைய விலைக்கே கொடு என்று ஒரு அம்மா கல்லா முன்னால் உட்கார்ந்துவிட்ட பிறகு, வெள்ளைத்தாளில் ஸ்கெட்ச் பேனாவால் அன்றைய விலையை எழுதி, 55 அங்குலத் திரையின் நட்டநடுவில் செல்லோடேப் போட்டு ஒட்டினார்கள். வந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் படித்தார்கள். அந்தத் திரை உருப்படியாகப் பயன்பட்டது அன்றைக்கு ஒருநாள்தான்.

வீட்டிலிருந்தே மாற்ற வழி இல்லாமலில்லை. பாக்ஸ் தம்பி இட்லி சாப்பிட்டபடியே, தூரத்துக் கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க் வழியாக உள்ளே நுழைவார். கடைத் திரையில் ஓர் அம்புக்குறி தானாக ஊர்ந்து, பெரிய முதலாளி படத்தைக் கொஞ்சம் மேலே நகர்த்தி, தீபத்தைப் பெரிதாக்கும். பெருக்கிக்கொண்டிருந்த அம்மா விளக்குமாற்றைப் போட்டுவிட்டுக் கும்பிட்டார். ஒருமுறை பாக்ஸ் தம்பி தன் செல்போன் திரையை டிவியில் காட்டிச் சோதித்துவிட்டு எடுக்க மறந்தார். 'வரும்போது மல்லித்தழை, பாக்கி கேட்க வெட்கப்படாதீங்க' என்ற வீட்டுச் செய்தி, மணப்பெண் மாடலின் தலைக்கு மேல் வந்து நின்றது. முதலாளி அதைப் படித்தார். ஆனாலும் பாக்கி வரவில்லை.

பெட்டி மாட்டுவது, நிஜமாகச் சொன்னால், அரை நாள் வேலை. அந்தப் பெட்டி ஊருக்கு என்ன சொல்ல வேண்டும் என்று கடையில் ஒருவரும் யோசித்திராததால்தான் அது ஆயுள் வேலையாக நீள்கிறது. ஓடுகிறதா என்று எல்லாரும் அண்ணாந்து பார்ப்பார்கள். என்ன ஓடுகிறது என்று பார்ப்பவர் இல்லை. ஆகவே விளம்பர மேலாளர், பிழைதிருத்துநர், பஞ்சாங்கக்காரர் எல்லா வேலையும் சம்பளமில்லாமல் பாக்ஸ் தம்பி தலையில் விழுந்தது.

2024 ஜூலை 19 அவருடைய திருநாள். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் கோளாறான ஓர் அப்டேட்டால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் படுத்துவிட்டன. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பாக்ஸ் தம்பியின் பலகைகள் லினக்ஸில் ஓடுபவை, ஒன்றும் ஆகவில்லை. கடை கடையாகப் போன் போட்டார். "அண்ணாச்சி, உலகமே நின்னுட்டு. நம்ம போர்டு ஓடுது பாத்தியளா?"

அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார். "ஓடலயேடே." தெருவிலேயே கரன்ட் இல்லை.

வருஷாந்திர பராமரிப்புத் தொகை கேட்கும்போதுதான் முதலாளிகளின் தர்க்க ஞானம் வெளிப்படும். திரை ஓடிக்கொண்டிருந்தால், "நல்லாத்தான ஓடுது, எதுக்கு மெயின்டனன்ஸ்?" நின்றுபோயிருந்தால், "ஓடவே இல்ல, எதுக்குக் காசு?" இந்த இரண்டு கேள்விக்கும் நடுவில் பணம் கேட்கத் தோதான ஒரு நிலைமையை அவர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

இப்படிப்பட்டவரைத்தான் ஒருநாள் துபாயில் ஏதாவது ஒரு ஷாப்பிங் மால் வேலைக்கு எடுத்துக்கொள்ளும். அங்கே தனி லைன் உண்டு, மெயினை யாரும் இறக்க மாட்டார்கள். அவர் போன பிறகு ஊர்த் திரைகள் அவர் கடைசியாக ஏற்றியதையே ஓட்டிக்கொண்டிருக்கும். சித்திரை வெயிலில் தீபாவளித் தல்லுபடி நடக்கும். எம்.பி.பி.எஸ். சீட் வாங்கிய பையன் டாக்டராகி, கிளினிக் திறந்து, கல்யாணமும் முடித்த பிறகும் அவனுக்குச் சீட் கிடைத்த செய்தி சிவப்புப் பட்டையில் போய்க்கொண்டிருக்கும்.

கடை வைத்திருக்கும் அண்ணாச்சிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பாக்ஸ் தம்பிக்கு விசா வருவதற்குள் பாஸ்வேர்டைக் கணக்கு நோட்டில் எழுதி வாங்கிவிடுங்கள். சும்மா கேட்டால் சொல்ல மாட்டார். போன வருஷத்துப் பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.