முதல் பாடமே அதட்டல்

கேள்வி: எங்கள் தோட்டத்து மனிதர்களின் வரலாற்றைப் படிக்க ஆசை. வரலாற்று நூல் என்றாலே அடிக்குறிப்பும் அட்டவணையுமாகப் பயமுறுத்துகிறதே, எதிலிருந்து தொடங்கலாம்?
– வாசகி ஒருவர், பசறை

பதில்: உங்கள் ஊர்க்காரரிடமிருந்தே தொடங்குங்கள். பதுளை மண்ணின் மு. நித்தியானந்தன் எழுதிய ‘கூலித் தமிழ்’ (க்ரியா, 2014). கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது. வெள்ளைக்காரச் சின்னத்துரைமார் தோட்டத் தமிழ் பழக அந்தக் காலத்தில் கைநூல்கள் அச்சாகின. பதிப்பாளர் ஃபெர்குசன் போட்ட ஒன்றின் பெயரே ‘இங்கே வா’! மொழி கற்க வந்தவருக்கு முதல் பாடம் வணக்கம் அல்ல, அதட்டல். அந்த இரண்டு சொற்களில், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களம் முழுவதும் கண்முன் வந்துவிடும்.

ஆபிரகாம் ஜோசப்பின் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’யையும் ‘கூலித் தமிழ்’ நூலிலேயே சந்திப்பீர்கள். அச்சான ஆண்டு 1869. கோப்பியை அழித்த இலைநோய் இலங்கையில் கண்ணில் பட்டதும் அதே 1869இல்தான், உங்கள் பக்கத்து மடுல்சீமையில். கும்மி கொட்டிய வருடமே கோப்பிக்கு ஒப்பாரியும் தொடங்கிவிட்டது.

அடுத்து, தோட்டத் தொழிற்சங்க முன்னோடியைப் பற்றிய சாரல் நாடனின் ‘தேசபக்தன் கோ. நடேசய்யர்’. அரை நாள் வேலைக்கு அரைப் பேர் போடுவார்களே, நாட்டு வரலாறுகள் பல நம் ஆட்களுக்கு அதைக்கூடப் போடவில்லை. நித்தியானந்தனும் சாரல் நாடனும் முழுப் பேர் போட்டிருக்கிறார்கள். படித்து முடித்ததும் லயத்துப் பாட்டியிடம் போய் உட்காருங்கள். போகும்போது ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொள்ளுங்கள், தாயே.