இன்றைக்கு 40, நாளைக்கு 60

லாஸ் ஏஞ்சலஸில் வேலை பார்க்கும் அக்கா மகன் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு வந்திருந்தான். தலையில் டாட்ஜர்ஸ் தொப்பி. அதைக் கழற்றாமலே சாப்பிட உட்கார்ந்தவன், ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டான்: "மாமா, ஸ்கீன்ஸ் எங்க டீமுக்கு எப்ப வர்றாரு?"

வருவாரா என்று கேட்டிருந்தால் மாமா பொறுத்துப் போயிருப்பார். எப்போது என்று கேட்டதில்தான் புரையேறியது. 2024, 2025 என்று அடுத்தடுத்து இரண்டு உலகத் தொடர்களை வென்ற அணியின் ரசிகன்; அதிலும் 2023 வரை எந்த அணிக்கும் ரசிகனாக இல்லாதவன். அவன் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டான். மாமாவுக்கு இன்னும் ஆறவில்லை.

அந்த மாமாதான் இந்தக் கட்டுரையாளர். பிட்ஸ்பர்க்வாசி, அந்த ஊர் பேஸ்பால் அணியான பைரேட்ஸின் ரசிகர். பைரேட்ஸ் நிர்வாகத்தை வழிக்குக் கொண்டுவர அவரிடம் மூன்று யோசனைகள் இருக்கின்றன. மூன்றுக்கும் காசு செலவில்லை. அவற்றைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்குமுன் கொஞ்சம் பின்கதை.

2025 சீசனில் பைரேட்ஸின் பால் ஸ்கீன்ஸ் 32 ஆட்டங்களில் முதல் பிட்சராக இறங்கினார். ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் கொடுத்தது சராசரியாக 1.97 ரன். நேஷனல் லீகின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது அவருக்கே, ஒரு ஓட்டுக்கூடச் சிதறவில்லை. வெற்றி தோல்விக் கணக்கைப் பார்த்தால் 10–10. இவ்வளவு நன்றாகப் போட்டும் பாதிக்குப் பாதி தோற்க வேண்டுமென்றால், மட்டை பிடிக்கிறவர்கள் தனியாக உழைத்திருக்க வேண்டும். உழைத்தார்கள். மேஜர் லீகின் 30 அணிகளிலேயே மிகக் குறைவான ஹோம் ரன் பைரேட்ஸுடையது. 71 வெற்றி, 91 தோல்வி, பிரிவில் கடைசி இடம். ஸ்கீன்ஸுக்கு அந்த வருடச் சம்பளம் 8,75,000 டாலர். மருமகனின் அணியில் ஷோஹெய் ஓட்டானியின் ஒப்பந்தம் 70 கோடி டாலர். ஸ்கீன்ஸ் இஷ்டப்பட்ட அணிக்குப் போக 2029 சீசன் முடிய வேண்டும். கேள்வியில் தப்பே இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

முதல் யோசனைக்கு வருவோம். இல்லை, 2002-ஐச் சொல்லாமல் அது புரியாது.

பைரேட்ஸ் கடைசியாக உலகத் தொடரை வென்றது 1979-ல். 1992-ல் இன்னும் ஒரே ஒரு அவுட் எடுத்திருந்தால் மறுபடி அங்கே போயிருக்கும். அட்லாண்டாவில் ஏழாவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ். முன்னாள் பைரேட்ஸ்காரரான சிட் பிரீம், ஆபரேஷன் செய்த முழங்காலோடு ஓடிவந்து, பேரி பாண்ட்ஸ் எறிந்த பந்துக்கு ஒரு கணம் முந்திச் சறுக்கி அட்லாண்டாவை ஜெயிக்க வைத்தார். பாண்ட்ஸ் அதோடு சான் பிரான்சிஸ்கோ போய்விட்டார். அடுத்து 20 வருடம், 1993 முதல் 2012 வரை, ஒரு சீசனில்கூடத் தோல்விகளைவிட வெற்றிகள் அதிகமில்லை. வட அமெரிக்காவின் பெரிய விளையாட்டுகள் எதிலும் வேறெந்த அணியும் இப்படி ஒரு சாதனையைச் செய்ததில்லை.

இப்படித் தோற்றால் ஒரு லாபம் உண்டு: புது ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் டிராஃப்டில் முன்வரிசை. 2002-ல் நாட்டிலேயே முதல் ஆளாக யாரை வேண்டுமானாலும் எடுக்கும் உரிமை பைரேட்ஸ் கையில். ஜாக் கிரெங்கி இருந்தார், பிரின்ஸ் ஃபீல்டர் இருந்தார், கோல் ஹாமல்ஸ் இருந்தார். பைரேட்ஸ் எடுத்தது பிரையன் புல்லிங்டன் என்ற பிட்சரை. இவர் அணியின் மூன்றாவது பிட்சர் அளவுக்கு வருவார் என்று அன்றைய ஜெனரல் மேனேஜர் அறிவித்தார். ஆசைப்படுவதில்கூடச் சிக்கனம் பிடித்த நிர்வாகம்! புல்லிங்டன் மேஜர் லீகில் மொத்தம் ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்தார். அதுவும் பைரேட்ஸுக்காக அல்ல, 2010-ல் கான்சஸ் சிட்டிக்காக.

ஆனாலும் அந்த 2002-ல், பட்டியலில் புல்லிங்டன் பெயருக்கு எதிரே இருந்த எண்களைக் கட்டுரையாளர் படித்தார், நம்பினார். வினை அங்கே தொடங்கியது.

எண்கள் என்றால் 20-லிருந்து 80 வரை. ஸ்கவுட்டுகள் ஆட்டக்காரனுக்கு மார்க் போடும் அளவுகோல் அதுதான். 50 என்றால் மேஜர் லீக் சராசரி. அடிப்பது, தூக்கி அடிப்பது, ஓடுவது, எறிவது, பிடிப்பது என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு மார்க்: இன்று எவ்வளவு, வளர்ந்தபின் எவ்வளவு. இன்று 40, நாளை 60. அந்த இரண்டு எண்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான் பிட்ஸ்பர்க் ரசிகன் வீடு கட்டிக் குடியிருக்கிறான்.

கட்டுரையாளர் அதோடு நிற்கவில்லை. வீட்டு இட்லிக்கு: மென்மை இன்று 60, நாளை 65. தேங்காய்ச் சட்னிக்கு: இன்று 45, நாளை 55. நாளைக்கு அது ஊசிப்போயிருக்கும் என்று மனைவி சொன்னதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரர் கோயில் புளியோதரைக்கு 70. மனைவி 80 போடச் சொன்னார். 80 என்பது வில்லி மேஸ் போன்றவர்களுக்குப் போடுவது, அதை வாரி இறைக்க முடியாது. பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார், ஸ்கவுட்டுகள் கோபித்துக்கொள்வார்கள். மச்சினருக்கு: கார் நிறுத்துவது 30, அறிவுரை வழங்குவது 75, சாப்பிட்ட தட்டை எடுத்து வைப்பது 20. இருபதுக்குக் கீழே இடம் வைக்காதது அளவுகோலின் குறை. எதிர்வீட்டுக்காரர் பனி தள்ளுவது 65. ஆனால் முதுகுவலி வரலாறு இருப்பதால் நீண்டகால ஒப்பந்தம் கூடாது. மகன் கார் ஓட்டப் பழகியபோது: வேகம் 70, கட்டுப்பாடு 30, கட்டுப்பாடு வளரும் என்று நம்பிக்கை. கராஜ் கதவு அந்த நம்பிக்கையைப் பகிர்ந்துகொள்ளவில்லை. பொங்கல் விழாவில் மேடையேறிய குழந்தையின் பரதநாட்டியத்துக்கு "இன்னைக்கு 35, போகப்போக 55" என்று அதன் அம்மாவிடமே சொன்னார். சராசரிக்கு மேலே வரும் என்ற உயர்ந்த பாராட்டு அது. அந்தக் குடும்பம் இப்போது பேசுவதில்லை. மழைக்கு மார்க், பல் டாக்டருக்கு மார்க், தொலைபேசியில் ஜாதகம் பார்க்கும் பெரியப்பாவுக்கு மார்க் (சொல்வது 65, பலிப்பது 25).

கடைசியில் ஒரு நாள் மனைவி பேனாவை வாங்கினார். ஒரே வரி. "வீட்டு வேலை: இன்று 25, நாளை 25."

"வளர்ச்சியே இல்லையா?"

"இல்லீங்க. பேசாம உங்களை ட்ரேடு பண்ணிடலாம்னு இருக்கேன்."

"பதிலுக்கு யாரு கிடைப்பா?"

"பேரை அப்புறம் சொல்றோம்னு ஒரு ஆளைக் கொடுப்பாங்களே, அது போதும்."

ஜோசே பாட்டிஸ்டா கதையைக் கேட்டுக் கேட்டே மனைவிக்கு அது மனப்பாடம். 2008 ஆகஸ்டில் பைரேட்ஸ் பாட்டிஸ்டாவை டொரண்டோவுக்குக் கொடுத்துவிட்டு, பெயர் பின்னால் அறிவிக்கப்படும் ஒருவரைப் பதிலுக்கு வாங்கியது. நான்கு நாள் கழித்து அறிவித்தார்களோ ஐந்தோ, பெயர் வந்தது: ராபின்சன் டியாஸ், கேட்சர். பாட்டிஸ்டா 2010-ல் 54 ஹோம் ரன் அடித்தார்.

கட்டுரையாளர் அப்போது டியாஸை ஆதரித்துப் பேசியவர். எறிவது 50 என்றார்.

பால் கறக்கிற மாட்டை விற்றுக் கன்று வாங்குவது, கன்று வளர்ந்து கறக்க ஆரம்பித்த அன்றைக்கே அதையும் சந்தைக்கு ஓட்டுவது: இதுதான் நிர்வாகத்தின் முறை. 2011-ல் முதல் ஆளாக எடுத்த கெரிட் கோலை 2018 ஜனவரியில் ஹூஸ்டனுக்குக் கொடுத்தார்கள். அவர் பிற்பாடு யாங்கீஸிடம் 32.4 கோடி டாலருக்குக் கையெழுத்திட்டு, 2023-ல் சை யங் விருதும் வாங்கினார். அதே 2018 ஜூலையில் ஒரு முறை, ஒரே ஒரு முறை, தலைகீழாகச் செய்து பார்த்தார்கள்: கன்றுகளைக் கொடுத்து மாடு. டைலர் கிளாஸ்னோ, ஆஸ்டின் மெடோஸ், ஷேன் பாஸ் மூவரையும் டாம்பா பே அணிக்குக் கொடுத்து கிறிஸ் ஆர்ச்சரை வாங்கினார்கள். பிட்ஸ்பர்க்கில் ஆர்ச்சரின் கணக்கு 6 வெற்றி, 12 தோல்வி. கிளாஸ்னோ இப்போது எந்த அணியில் இருக்கிறார் என்று மருமகனைக் கேட்டால் தெரியும்.

இரண்டாவது யோசனை இந்த இடத்தில்தான் வரவேண்டும். ஆனால் 20–80 அளவுகோலைப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. அதைக் கொண்டுவந்தவர் பிராஞ்ச் ரிக்கி என்பார்கள். கறுப்பின ஆட்டக்காரர் ஜாக்கி ராபின்சனை டாட்ஜர்ஸுக்குக் கொண்டுவந்த மகான். அவர் 1950 முதல் 1955 வரை பிட்ஸ்பர்க்கில்தான் ஜெனரல் மேனேஜர். 1952-ல் ரால்ஃப் கைனர் தொடர்ந்து ஏழாவது வருடமாக லீகின் ஹோம் ரன் பட்டியலில் முதலிடம் பிடித்தார். அணி 112 ஆட்டம் தோற்றது. கைனர் போய்ச் சம்பளம் பேசினார். நீ இருந்தும் கடைசி இடம்தான், நீ இல்லாவிட்டாலும் அதே இடம்தான் கிடைக்கும் என்றாராம் ரிக்கி. 1953-ல் கைனரைச் சிகாகோவுக்கு அனுப்பிவிட்டார். அணி அந்த வருடமும் கடைசி. சொன்ன சொல்லைக் காப்பாற்றிய ஒரே பிட்ஸ்பர்க் நிர்வாகி அவர்தான்.

அதே ரிக்கி 1954-ல், டாட்ஜர்ஸ் மைனர் அணியில் ஒளித்து வைத்திருந்த ரொபர்ட்டோ கிளெமென்டேவை 4,000 டாலருக்குத் தூக்கிவந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். 3,000 ஹிட் அடித்துவிட்டு, 1972-ன் கடைசி நாளில், நிகராகுவா பூகம்பத்துக்கு நிவாரணப் பொருள் ஏற்றிப்போன விமானத்தில் இறந்தார் கிளெமென்டே. அவருடைய 21 என்ற எண் மைதானத்தின் வலப்பக்கச் சுவரில் இருந்தது. 2025 ஏப்ரலில் பார்த்தால், அந்த இடத்தில் ஒரு மதுபான விளம்பரம். ஊர் கொதித்தது, கிளெமென்டேவின் மகனும் வருத்தத்தைச் சொன்னார், நிர்வாகம் மன்னிப்புக் கேட்டு எண்ணைத் திரும்ப வைத்தது. அதே மாதம், ரசிகர்கள் காசு கொடுத்துப் பெயர் பொறித்து மைதான வாசலில் பதிக்க வைத்த செங்கற்கள் ஒரு மறுசுழற்சிக் கிடங்கில் குவிந்து கிடப்பது படமாக வெளிவந்தது. இதற்கெல்லாம் நகைச்சுவை எழுத வேண்டிய அவசியமே இல்லை. கட்டுரையாளருக்கு உண்மையிலேயே கோபம். பணக்கார அணிகளின் வருவாயிலிருந்து பங்கு வருகிறது; அதை ஆட்டக்காரர்களுக்குச் செலவழிக்கிறார்களா என்று கேட்டு 2018-ல் ஆட்டக்காரர்கள் சங்கமே புகார் கொடுத்தது. தோற்கிற வருடமெல்லாம் எதிர்காலத்துக்கான முதலீடு என்று எழுதிக்கொள்கிறார்கள். தோல்விக்கான டிக்கெட் விலை மட்டும் நிகழ்காலத்தில்.

எதிர்காலத்தைத் தேடி அவர்கள் உத்தரப்பிரதேசம் வரை போனதுண்டு. 2008-ல், தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் வேகமாகப் பந்தெறிந்த ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் என்ற இரண்டு ஈட்டி எறியும் இளைஞர்களை ஒப்பந்தம் செய்தார்கள். இருவரும் மேஜர் லீகை எட்டவில்லை. ரிங்கு மல்யுத்தக் காட்சிகளுக்குப் போய் வீர் மகான் ஆனார். அந்தக் கதையை 2014-ல் ஹாலிவுட் படமாக்கியபோது இசை ஏ.ஆர்.ரகுமான். பைரேட்ஸை ஒட்டி வந்த பாட்டுகளை நம் வீட்டுப் பிள்ளைகள் கேட்டது அந்த ஒரு முறைதான்.

மூன்றாவது யோசனை உரிமையாளரைப் பற்றியது. அணியை விற்றுவிடு என்று எழுதிய பதாகையைக் கட்டிக்கொண்டு 2025-ன் முதல் உள்ளூர் ஆட்டத்தன்று ஒரு விமானமே மைதானத்துக்கு மேல் வட்டமடித்துவிட்டதால், அதைத் திரும்பச் சொல்வதில் பயனில்லை. மேலும், இப்போது நேரமும் இல்லை. கானர் கிரிஃபின் என்று ஒரு பையன் இருக்கிறான்.

2006-ல் பிறந்தவன். ஷார்ட் ஸ்டாப். 2024 டிராஃப்டில் ஒன்பதாவது ஆளாக எடுத்தார்கள். 2025-ல் மைனர் லீகில் அடித்த சராசரி .333, ஹோம் ரன் 21, திருடிய பேஸ் 65. நாட்டிலேயே முதலிடத்தில் வைக்கப்பட்ட இளம் ஆட்டக்காரன். ஓட்டம் 70, எறிவது 70. அடிப்பதுதான் சர்ச்சை: 55-ஆ, 60-ஆ? அந்தக் கோடை முடிவில் அவனைப் பார்க்கக் கட்டுரையாளர் பைரேட்ஸின் மைனர் அணி ஆடும் ஆல்டூனாவுக்கே காரில் போனார். பக்கத்து இருக்கைப் பெரியவர் 55 என்றார். இவர் 60-க்குக் குறைய மாட்டேன் என்றார். மூன்றாவது இன்னிங்ஸில் தொடங்கிய பேச்சு ஏழாவதில் சூடேறி, கிரிஃபின் மட்டை பிடிக்கும்போது மட்டும் நின்றது. ராத்திரி வீடு திரும்பியதும், யார் ஜெயித்தார்கள் என்று மனைவி கேட்டார். கட்டுரையாளருக்குத் தெரியவில்லை. பையன் முதல் பேஸுக்கு ஓடிய நேரத்தை ஸ்டாப்வாட்ச்சில் எடுத்து வைத்திருந்தார், அதைக் காட்டினார்.