குன்றாண்டார்கோவில் வட்டாரத்து விசைப்பலகைகள்: ஒரு சாசனவியல் ஆராய்ச்சி

குன்றாண்டார்கோவிலுக்கு வரும் அறிஞர்கள் நேராகப் பாறைக்குப் போய்விடுகிறார்கள். போகட்டும். 8ஆம் நூற்றாண்டில் குன்றைக் குடைந்தெடுத்த சிவன் கோயிலும், குதிரையும் சக்கரமுமாகத் தேர் வடிவில் நிற்கும் நூற்றுக்கால் மண்டபமும் எங்கேயும் ஓடிவிடாது. கல்வெட்டுகளையும் படித்தாயிற்று; புதுக்கோட்டை சமஸ்தானத்துக் கல்வெட்டு மூலங்கள் 1929லேயே அச்சேறிவிட்டன. ஆனால் அதே வட்டாரத்தின் ஜெராக்ஸ் கடைகளிலும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுகளிலும் மேசைமேல் கிடக்கும் சாசனங்களை இதுவரை எவரும் மைப்படி எடுக்கவில்லை. ஒவ்வொன்றிலும் நூற்றுக்குக் குறையாத எழுத்துப் பொறிப்புகள் உள்ளன. இடையிடையே சிதைவும் உண்டு. சாசனம் என்பதற்கு வேறென்ன வேண்டும்?

முதலில் ஒரு மாற்றுக் கொள்கையை ஒதுக்கிவிடலாம். குடுமியான்மலை இசைக் கல்வெட்டுதான் இவ்வட்டாரத்தின் முதல் விசைப்பலகை என்று டீக்கடையில் ஒரு சாரார் சொல்கிறார்கள். அதில் சுரங்களை நான்கு நான்காகத் தொகுத்து வரிசையாகப் பொறித்திருக்கிறது. ஒரே சுரம் ர, ரி, ரு, ரெ என்று நான்கு உயிரோடும் வருகிறது. மெய்யோடு உயிரைச் சேர்த்துத் தட்டும் முறைக்கு மூலம் இதுவே என்பது அவர்கள் வாதம். கவர்ச்சியான வாதம்தான். எண்டர் விசை அங்கே எந்த வரியிலும் காணப்படாததால் இதை ஏற்பதற்கில்லை.

காலக்கணிப்புக்கு வருவோம். கல்வெட்டுக்காரருக்கு ஒரு வசதி உண்டு. எழுத்தின் வளைவைப் பார்த்தே நூற்றாண்டைச் சொல்லிவிடுவார். அச்சுப் புத்தகத்தில்கூட லையும் னையும் துதிக்கை தூக்கி நின்றால் 1978 எழுத்துச் சீர்திருத்த ஆணைக்கு முந்திய வழக்கு என்று கண்டுகொள்ளலாம். விசைப்பலகையில் இந்த வித்தை பலிக்காது. ஆங்கில ஏ அன்றும் அதே கூரை, இன்றும் அதே கூரை. ஆகவே வேறு சான்றுகளை நாட வேண்டியிருக்கிறது.

வாலிலிருந்து தொடங்குவது மரபு. தடித்த வட்டச் செருகியில் ஐந்து ஊசிகள் இருந்தால் மூத்த குடி. ஐபிஎம் 1987இல் கொண்டுவந்த சின்ன வட்டச் செருகி, பின்னாளில் ஊதா நிறம் பூசப்பட்டது, இடைக்காலம். தட்டையான யூஎஸ்பி வந்தால் ஆராய்ச்சியாளர் ஆர்வம் இழந்து டீ சொல்லிவிடலாம். அடுத்து விண்டோஸ் விசை. மைக்ரோசாஃப்ட் 1994இல் வெளியிட்ட பலகையோடு வந்த விசை அது. அது இல்லாத 101 விசைப் பலகை முந்தைய மரபினது.

இவற்றையெல்லாம் விட உறுதியான சான்று ரூபாய்ச் சின்னம். தமிழரான உதயகுமார் வரைந்த அந்த வடிவத்தை மத்திய அமைச்சரவை 2010 ஜூலை 15 அன்று ஏற்றது. எனவே 4ஆம் எண் விசையின் மூலையில் அச்சின்னம் அச்சாகியிருக்குமானால் அந்தப் பலகை 2010க்கு முற்பட்டதாக இருக்க முடியாது. கல்வெட்டில் மன்னனின் ஆட்சியாண்டு கிடைத்ததற்குச் சமம் இது. ஒரு பக்கம் பிரகதாம்பாளும் மறுபக்கம் தெலுங்கில் ‘விஜய’வுமாக அம்மன் காசு அடித்துப் புழங்கிய சமஸ்தானத்தில், நாணயச் சான்றை வைத்துக் காலம் சொல்வதற்கு எவரும் ஆட்சேபம் எழுப்பப்போவதில்லை.

இனி உட்கூறு. இவ்வட்டாரத்தில் ‘நல்ல கீபோர்டு’ என்றால் டிவிஎஸ் கோல்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட டிவிஎஸ் எலெக்ட்ரானிக்ஸின் இந்தப் பலகை பில் போடும் கடை, வங்கி, அரசு அலுவலகம் என்று எங்கும் நுழைந்து, மற்றவை செத்த பிறகும் வேலை செய்வது. ஒரு விசைமூடியை நெம்பி எடுத்தால் அடியில் நீல நிறத்தில் கூட்டல் குறி தெரியும். அது செர்ரி நிறுவனத்தின் நீல சுவிட்ச். வால்டர் செர்ரி என்பவர் 1953இல் அமெரிக்காவில் தொடங்கி, பின்பு ஜெர்மனியில் வேரூன்றிய நிறுவனம். விசை மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும். பாதி வழி தாண்டியதுமே, அதாவது சுமார் 2.2 மில்லிமீட்டரில், எழுத்து விழுந்துவிடும். நீலத் தண்டைச் சுற்றி ஒரு வெள்ளை உறை தனியாக நிற்கிறது. அது சட்டென்று கீழே பாய்வதுதான் அந்தப் புகழ்பெற்ற ‘டிக்’.

இவ்வொலியின் ஆட்சியியல் பயன் பெரிது. உள்ளறையில் இருக்கும் அதிகாரி எழுந்து வராமலே வெளியில் வேலை நடக்கிறதா என்று அறியலாம். வெளியில் இருப்பவரும் இதை அறிவார். எழுதுவதற்கு ஒன்றுமில்லாத வேளையிலும் ஒலி இடையறாது எழுந்த நிகழ்வுகளை ஆய்வாளர் செவியாரக் கேட்டிருக்கிறார். ரப்பர் குமிழ் வைத்த மெம்பிரேன் பலகைகள் பரவிய பிறகு இந்தச் செவிவழிக் கண்காணிப்பு முறை அழிந்தது. நிர்வாகச் சீர்கேட்டின் தொடக்கத்தை இங்கே வைக்கலாம்.

நீலம் கண்ட இடமெல்லாம் செர்ரி என்று துள்ளுவது கற்றுக்குட்டிகளின் வழக்கம். மூடி மாட்டும் இடம் கூட்டல் குறியாக இல்லாமல் நீள்சதுரத் துளையாக இருந்தால் அது ஜப்பானிய ஆல்ப்ஸ் குலம். அங்கும் நீலம் உண்டு. கூட்டல் குறியே இருந்தாலும், செர்ரியின் காப்புரிமை முடிந்தபின் சீனத்திலிருந்து வந்த நகலாக இருக்கலாம். சுவிட்சின் தலையில் செர்ரியின் பெயர் புடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த அளவுக்குக் குனிந்து பார்க்கிறவரைக் கடைக்காரர் சந்தேகத்தோடு பார்ப்பார். ஆய்வில் இது சகஜம்.

எழுத்துப் பொறிப்பு வகைகளில் முதன்மையானது இரட்டை வார்ப்பு. ஒரு நிற பிளாஸ்டிக்கில் எழுத்தையும் வேறு நிறத்தில் மூடியையும் வார்த்து இணைப்பது. மூடியைக் கவிழ்த்தால் உள்ளே இரண்டாம் நிறம் தெரியும். விசை தேய்ந்து தீர்ந்தாலும் எழுத்து தேயாது. இதுவே உண்மையான கல்வெட்டு. அடுத்தது சாயம் ஊட்டியது: வெப்பத்தில் சாயம் பிளாஸ்டிக்குக்குள்ளேயே இறங்கிவிடும். விரலுக்கு எதுவும் தட்டாது. வெளிர் மூடியில் கரும் எழுத்தாக மட்டுமே வரும், ஏனெனில் சாயத்தால் கருப்பை வெளுக்க முடியாது. 1985இல் வந்த ஐபிஎம் மாடல் எம் பலகை இந்த வகை. லேசர் எழுத்து சுட்ட தழும்பு. தடவினால் லேசாகச் சொரசொரக்கும். கடைசியாக மையை ஒற்றி எடுத்த அச்சு. நகத்தால் கீறினால் மேடு தட்டுப்படும், இன்னும் கொஞ்சம் கீறினால் எழுத்தே கையோடு வரும். சித்தன்னவாசல் ஓவியம் ஆயிரம் ஆண்டு தாங்கிய மாவட்டத்தில் இந்த அச்சு இரண்டு வருஷம் தாங்குவதில்லை என்பது வெட்கக்கேடு.

ஆனால் ஆராய்ச்சிக்கு அழியும் எழுத்தே தங்கம். எது அழிந்திருக்கிறது என்பதைக் கொண்டு, அந்த மேசையில் தமிழ் எவ்வழியில் பிறந்தது என்று சொல்லிவிடலாம். இக்கட்டுரையின் மையக் கண்டுபிடிப்பு இதுவே. ஆங்கில ஏ விசையைப் பாருங்கள். அது முற்றாக வழுக்கையாகி, எம், என், டி ஆகியவையும் மங்கியிருந்தால் அங்கே ‘அம்மா’வை ஆங்கில ஒலியில் தட்டுகிறார்கள். ஏ புதுமணப்பெண்போல் இருந்து, எஃப்பும் ஹெச்சும் தேய்ந்திருந்தால் அது தமிழ்99. தமிழக அரசு 1999இல் ஏற்ற அந்த அமைப்பில் ஏ-யின் இடத்தில் இருப்பது அகரம். அது பெரும்பாலும் சொல்லின் தொடக்கத்தில் மட்டுமே தேவைப்படும். எஃப்பில் புள்ளி, ஹெச்சில் ககரம். புள்ளி இல்லாமல் தமிழன் ஒரு மனுகூட எழுத முடியாது. ஹெச்சோடு அரைப்புள்ளி விசையும் சேர்ந்து தேய்ந்திருந்தால் அங்கே இருப்பவர் தட்டச்சு மரபினர், பெரும்பாலும் பாமினி எழுத்துருக்காரர். அவருக்கு ஹெச் துணைக்கால், அரைப்புள்ளி புள்ளி, ஏ-யில் யகரம். யளனகப என்று விரல் பழகி, லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்து, குரூப் 4 எழுதியவர். யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குழியில் 1886இல் பிறந்த ஆர். முத்தையா தமிழுக்குத் தட்டச்சுப்பொறி வடித்துக் கொடுத்ததிலிருந்து வரும் பரம்பரை அது. கம்ப்யூட்டர் வந்ததை அவர் விரல்கள் இன்னும் அங்கீகரிக்கவில்லை.

தமிழே தட்டாத பலகைகளும் உண்டு. கன்ட்ரோல், சி, வி மூன்று மட்டும் அழிந்திருந்தால் அங்கே விண்ணப்பங்கள் புதிதாக எழுதப்படுவதில்லை. பெயர் மட்டும் மாறுகிறது. எஃப்5 தேய்ந்திருந்தால் தட்கல் டிக்கெட், அல்லது பிளஸ் டூ ரிசல்ட்.

பிற்பகுதியில் ஒட்டுத்தாள் காலம் வருகிறது. ஆங்கில மூடிகளின்மேல் தமிழ் எழுத்து ஸ்டிக்கர் ஒட்டி, அது பாதி உரிந்து, பசையில் தூசி படிந்து, கீழெழுத்தும் மேலெழுத்தும் தெரியாமல் போன நிலை. வரலாற்றாசிரியர்கள் களப்பிரர் காலத்தை இருண்ட காலம் என்று சொல்லிப் பின்பு வாபஸ் வாங்கினார்கள். இதை வாபஸ் வாங்க வேண்டிய அவசியம் நேராது.

சந்தனப் படிவுகளைப் பற்றி ஒரு சொல். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை விசைப்பலகைக்குப் பொட்டு வைக்கப்படுகிறது. பெரும்பாலும் ஸ்பேஸ்பாரின் நடுவில், பக்திமிகுந்த அலுவலகங்களில் எஸ்கேப் விசையிலும். ஆண்டுக்கு ஓர் அடுக்கு என்று எண்ணிக் காலம் கணிக்கலாம். இடையில் யாராவது ஈரத்துணியால் துடைத்திருந்தால் கணக்கு தவறும். ஸ்பேஸ்பார் மட்டும் தனியாக மஞ்சளித்திருப்பதைச் சந்தனத்தின் விளைவு என்று சிலர் கருதுவது பிழை. பழைய பலகைகள் பலவற்றில் மற்ற மூடிகள் பிபிடி பிளாஸ்டிக்கிலும் ஸ்பேஸ்பார் ஏபிஎஸ்ஸிலும் வார்க்கப்பட்டன. ஏபிஎஸ் வெயில் பட்டால் பழுக்கும். குங்குமம் உள்ளே இறங்கி சுவிட்ச் சிக்கிக்கொள்வது வேறு விஷயம். அதற்குத் தெய்வம் பொறுப்பல்ல.

இவ்வட்டாரத்து வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய பலகை இருந்தால் பேரீச்சம்பழக்காரருக்குப் போடும் முன்பும், ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கும் முன்பும், ஏ விசை தேய்ந்திருக்கிறதா என்று பார்த்துக் குறித்து வையுங்கள். ஒரு மூடியைக் கழற்றிச் சுவிட்சின் நிறத்தையும் பாருங்கள். எதைக் கழற்றினாலும் ஸ்பேஸ்பாரைத் தொடாதீர்கள். அதன் அடியில் ஒரு கம்பி இருக்கிறது. திரும்ப மாட்டுவது லேசில் நடக்கிற காரியமல்ல.